இடது சீட்டின் செருமல்

பஞ்சவர்ணத்தின் வேனில் இடது சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. ஆள் மட்டுமல்ல, வாழையிலைக் கட்டு, கைப்பை, தண்ணீர்ப் போத்தல் எதுவும் அதில் படக் கூடாது. மகள் மோகனப்பிரியா ஒருநாள் தெரியாமல் ஏறி உட்கார்ந்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் இறங்கி எம்ஆர்டி ரயில் பிடித்து வேலைக்குப் போனாள். தேக்காவில் அவளிடம் வாழையிலை வாங்கும் கடைக்காரர்களுக்கும் இது தெரியும். புருஷன் போன துக்கம், விடு என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். வெறும் துக்கமாக இருந்தால் நல்லதுதான். அந்தச் சீட்டில் ரெங்கசாமி உட்கார்ந்திருக்கிறார் என்று பஞ்சவர்ணம் நம்பினாள். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, கேட்டதற்குப் பதிலும் சொல்கிறார்.

அவள் குவீன்ஸ்டவுனில் பிறந்து தோ பாயோவில் வாழ்க்கைப்பட்டவள். வாழ்க்கை என்று அவள் கண்டதில் பெரும்பகுதி இந்த வேனுக்குள்தான் நடந்தது. விடிவதற்குள் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் இலைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்புவார்கள். அவர் ஓட்டுவார், இவள் இடது பக்கம் உட்கார்ந்து பேசுவாள். மகளின் மாமியார், மீன் விலை, மேல்வீட்டில் சொட்டும் துணி, எதையும் விடமாட்டாள். அவரோ தொண்டையைச் செருமி "உம்" என்பார், அவ்வளவுதான். சரி என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான், போதும் வாயை மூடு என்பதற்கும் அதுதான். எந்த உம் எதற்கு என்பது உலகத்திலேயே பஞ்சவர்ணம் ஒருத்திக்குத்தான் தெரியும். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

போன வருஷம் மகளுக்குப் பிரசவம். பஞ்சவர்ணம் ஆயுத பூஜையைக் கும்பிட்ட கையோடு மகள் வீட்டுக்குப் போய் உதவிக்கு இருந்தாள். தீபாவளி நெருங்கியதும்தான் மறுபடி வேனில் ஏறினாள். ஏறிய முதல் நாளே அது நடந்தது. சந்தையில் இலை ஏற்றும்போதே ரெங்கசாமி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "வாயுதான். நீ ஓட்டு" என்றார்.

அவள் லைசென்ஸ் எடுத்து வைத்ததோடு சரி. சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சாய்ந்திருந்தார். குவீன்ஸ்டவுன் பக்கம், ஆஸ்பத்திரிக்குப் பிரியும் சந்திப்பில் சிவப்பு விழுந்தது.

"ஏங்க, தேவலையா? ஆஸ்பத்திரிக்குத் திருப்பட்டுமா?"

இடது பக்கத்திலிருந்து செருமல் வந்தது. வேண்டாம் என்கிற உம். அவள் நேரே போனாள். அடுத்தடுத்த சிக்னல்களிலும் கேட்டாள், அதே பதில்தான். தேக்கா பஃபலோ ரோட்டில் வண்டியை நிறுத்தியதும் கடைக்கார வெங்கட் இலை இறக்க வந்து இடது கதவைத் திறந்தான். ரெங்கசாமி அவன் மேலேயே சரிந்தார். கை சில்லிட்டிருந்தது. உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். எந்தத் தெருவில் வைத்துப் போனது என்று டாக்டரால் எப்படிச் சொல்ல முடியும்?

காரியமெல்லாம் முடிந்து வண்டியை எடுத்த அன்று, சிவப்பு விளக்கில் நின்றபோது இடது பக்கம் செருமல் கேட்டது. பஞ்சவர்ணத்துக்கு ஸ்டியரிங்கில் கை ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தாள். சீட் காலியாக இருந்தது. தொட்டால் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. அந்த வேனில் எஞ்சினே சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, சூடு இருக்கத்தான் செய்யும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? அன்றிலிருந்து அந்தக் குவீன்ஸ்டவுன் சந்திப்பில் நிற்கும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்டாள். அதே உம் வந்தது.

பயம் சீக்கிரம் பழகிவிட்டது. பழகாமல் குடைந்தது வேறொன்று. அன்றைக்கு அந்தச் சந்திப்பில் உம் சொன்னது நிஜமாகவே அவர் என்றால், உயிரோடு இருந்த மனுஷனை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சாகவிட்டவள் அவள். அவர் இல்லை என்றால், பக்கத்தில் புருஷன் போனதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டு வந்தவள். இரண்டில் எது தேவலை என்று அவளால் சொல்ல முடியவில்லை. நாளுக்கு நாள் சீட் அதிகமாகச் சுட்டது, செருமலும் கூடியது. வெப்பம் காட்டும் முள் மேலே ஏறுவதைப் பார்த்தும், மெக்கானிக்கிடம் போகாமல், போத்தல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டினாள்.

வண்டிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா? ஒரு காலையில் பஃபலோ ரோட்டில், இலை இறக்கிக்கொண்டிருக்கும்போதே, இடது சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை சீறிக்கொண்டு வந்தது. வெங்கட்தான் செம்பவாங்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சேக் தாவூதுக்குப் போன் போட்டான். அவர் ரெங்கசாமியின் பழைய சிநேகிதர். வண்டியைக் கட்டி இழுத்துப் போனார்கள். பஞ்சவர்ணமும் கூடவே போனாள்.

எஞ்சின் ஆறும்வரை தேத்தண்ணி குடித்துவிட்டு சேக் தாவூது இடது சீட்டில் கை வைத்தார்.

"பாய், அந்த சீட்ட எடுக்காம பண்ண முடியாதா?"

"எஞ்சினே அதுக்குக் கீழதானே தங்கச்சி இருக்கு. தூக்காம எப்படிலா?"

"அப்ப நானே தூக்குறேன்."

கொக்கியை விடுவித்து அவளே தூக்கினாள். அடியில் கறுத்த இரும்பும் குழாய்களும் மட்டும் இருந்தன. சேக் தாவூது ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு பேசினை வைத்தார். எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட், பச்சையாக வரவேண்டியது, செம்மண் கரைத்தது போல் கொட்டியது.

"பாத்தியா, இது கூலன்டா? எல்லாம் உன் வீட்டுக்காரன் செஞ்ச வேல. வருஷா வருஷம் ஆயுத பூஜைக் கலசத் தண்ணிய இதுக்குள்ள ஊத்துவான். துரு புடிக்கும்டான்னு சொன்னா, தீர்த்தம் பாய், வண்டியும் குடிக்கட்டும்பான்."

பஞ்சவர்ணத்துக்குத் தெரியாதா? மஞ்சள் கரைத்த அந்தக் கலசத்தை ஒவ்வொரு வருஷமும் அவர் கையில் எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

"துரு தின்னு ஹோஸ் குழா கசிஞ்சிருக்கு. தண்ணி கொறைஞ்சு காத்து உள்ள போயிருச்சு. சிக்னல்ல நிக்கிறப்ப, அந்தக் காத்து குழாய்க்குள்ள சுத்திச் சத்தம் போடும். உனக்குக் கேக்கலியா?"

"எப்பலேர்ந்து பாய்?"

"போன வருஷத்துலேர்ந்தே இருக்கு. நீ மக வீட்டுல இருந்தியே, அப்பவே ரெங்கா கொண்டாந்து காட்டுனான். 'கேளு பாய், என்னைய மாதிரியே செருமுது. வர்ணம் ஏறுனா ஏமாந்துருவா'ன்னு ஒரே சிரிப்பு. தீபாவளி முடியட்டும், மாத்திக்கலாம்னான்."

சேக் தாவூது குனிந்து வேலையில் இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த நல்ல மனிதர் சொன்னதைத் திரும்ப விழுங்கியிருப்பார்.

"சத்தம் இருந்துட்டுப் போகட்டுமே பாய். ஒழுகுறத மட்டும் அடைங்க."

"காத்த விட்டு வச்சா எஞ்சின் வெந்துரும். அப்புறம் வண்டியே கெடையாது."

ஹோஸை மாற்றினார்கள். வருகிற தண்ணீர் தெளியும்வரை உள்ளே அலசினார்கள். புது கூலன்டை ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டார்கள். பச்சைத் திரவத்தில் குமிழிகள் மேலே வந்து வெடித்தன. சேக் தாவூது குழாயைப் பிசையப் பிசைய இன்னும் வந்தன. புருஷனின் மூச்சு போகிறது என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். பைத்தியக்கார நினைப்புதான். ஆனாலும் கடைசிக் குமிழி அடங்கும்வரை கண்ணை எடுக்காமல் நின்றாள். பிறகு மூடியைத் திருகினார்கள்.

மறுநாள் விடியலில் சந்தையில் இலை ஏற்றினாள். வழியில் ஒரு சிவப்பிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. பாய் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா, நினைவுப் பிசகாக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. குவீன்ஸ்டவுன் சந்திப்பில் நின்றாள். வேறு வழியில்லை.

"ஏங்க, தேவலையா? ஆஸ்பத்திரிக்குத் திருப்பட்டுமா?"

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு முறை கேட்டாள். சீட்டைத் தொட்டாள். சும்மா வெதுவெதுப்பாக இருந்தது, எல்லா வேனிலும் இருப்பதுபோல.

அப்படியானால் அன்றைக்கும் வண்டிதான் செருமியது. அவர் பதிலே சொல்லவில்லை, இந்த இடத்துக்கு வருமுன்பே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குத் திருப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் யாரையும் சாகவிடவில்லை. வருஷம் முழுக்க நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. இறங்கியதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பாரத்தோடு அவரும் அல்லவா போய்விட்டார்! இத்தனை நாள் இல்லாத பயம் இப்போது வந்தது. காலி சீட்டைப் பார்க்கவே பயந்தாள்.

பச்சை விழுந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. பஞ்சவர்ணம் நேரே போகவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினாள். இலைக்கட்டுகள் நிறைந்த வேனை அவசரப் பிரிவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். காவலுக்கு நின்ற தமிழ்க்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து இடது கதவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார், பின்னால் இலைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, பேஷன்ட் எங்க?"

"அவரு வழியிலேயே எறங்கிட்டாருப்பா. நான்தான் கவனிக்கல" என்றாள் பஞ்சவர்ணம். சொன்ன பிறகுதான் அழுதாள்.