குட்டைக் குச்சி நெட்டையான கோடை

பார்த்ததை மாற்றிச் சொல்வதற்குக் கூலி தருகிற வேலை ஒன்று உண்டு. அதில் என்னைச் சேர்த்துக் கெடுத்தவர் மனித மனசை ஆராய மெட்ராஸிலிருந்து செஞ்சிக்கு வந்த ஒரு பேராசிரியர்.

அறுபதுகளில் ஒரு கோடை. பள்ளிக்கூடம் லீவு. வகுப்பறை பெஞ்சில் நாங்கள் நாலு பேர் கூலிக்கு உட்கார்ந்திருப்போம். கண் பரிசோதனை என்று சொல்லி ஐந்தாவதாக ஒருவரை அழைத்து வருவார்கள். பேராசிரியர் இரண்டு குச்சிகளைக் காட்டி எது நீளம் என்பார். நாங்கள் நாலு பேரும் வரிசையாகக் குட்டையைக் காட்ட வேண்டும். கடைசி ஆள் என்ன சொல்கிறார் என்பதைப் பேராசிரியர் நோட்டில் எழுதிக்கொள்வார். மேலே இருப்பவர் சொன்னதற்குத் தலையாட்டியே காலம் தள்ளியவர்கள் உங்களிலும் இருப்பார்கள், அவர்களுக்குப் புரியும்.

பூக்காரம்மா

எங்களுக்கு மசியாதவர் பூ விற்கிற ஓர் அம்மாள்தான். நாங்கள் நாலு பேரும் குட்டையைக் காட்டியதும், கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

"நாலு பேருக்கும் ஒண்ணாவா கண்ணு கெட்டுது? அமாவாசைக்கு மலையனூர் வாங்க, அங்காளம்மன் கிட்ட வேண்டிக்கலாம்."

இரண்டு மலைகள்

மூன்றாவது வாரம் இருக்கும். வெளியே வந்தால் வெயிலில் கோட்டை மலைகள் தண்ணீரில் மிதப்பதுபோல ஆடின. ராஜகிரிதான் உயரம் என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். அன்று எனக்குப் பக்கத்து மலையான கிருஷ்ணகிரி உயர்ந்து தெரிந்தது. வாய் திறந்து சொன்னால் போதும், மலை இன்னும் கொஞ்சம் வளரும் என்று தோன்றியது. பயந்துபோய், கூட உட்காரும் சுப்பிரமணியிடம் எது உயரம் என்று கேட்டேன். அவன் இரண்டு மலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ முதல்ல சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

கொத்தனார் கண்

என் மனைவியின் தம்பி கோவிந்தன் கொத்தனார். சுவர் ஒரு நூல் சாய்ந்தாலும் தெருவில் நின்றபடியே சொல்லிவிடுவான். அந்தக் கண்தான் அவனுக்குச் சோறு. ஒருநாள் ஐந்தாவது ஆளாக அவனே வந்து உட்கார்ந்தான். நான் அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார். குட்டையைக் காட்டினேன். கோவிந்தன் குச்சியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு அவனும் குட்டையைக் காட்டினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னான்:

"மாமாவே சொன்னாரு அக்கா. எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு போலிருக்குது."

வாய் திறந்தபோது

கோவிந்தனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று மறுநாள் பேராசிரியரிடம் கெஞ்சினேன். "வேலை முடியட்டும். நானே எல்லாரையும் கூட்டி உண்மையைச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க வாய் திறக்கக் கூடாது" என்றார். நான் திறக்கவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் வகுப்பறை காலி. குச்சிகளும் இல்லை, அவரும் இல்லை.

கோவிந்தன் செங்கல்லுக்குச் செங்கல் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான். ஒரே நாளில் முடிகிற சுவருக்கு மூன்று நாள் ஆயிற்று. வேலைக்குக் கூப்பிடுவது குறைந்தது. மனசு பொறுக்காமல் அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கரண்டியைத் துடைத்து வைத்தான்.

"என் மனசு ஆறட்டும்னு சொல்ற மாமா. நாலு பேரு ஒண்ணா கூடியா பொய் சொல்வாங்க?"

அந்தப் பேராசிரியர் சொல்லச் சொன்ன பொய்களை அந்தக் கோடையில் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். அவர் வந்து சொல்ல வேண்டிய ஒரே ஓர் உண்மை மட்டும் இன்னும் எனக்குப் பாக்கி.