குடகனாற்றில் புதுத்தண்ணீர்

எண்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் பட்டதாரி என்ற முறையில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தது. மகளுக்குப் பேசி முடித்திருந்த காவிரிக்கரைச் சம்பந்தியை, தாடிக்கொம்புப் பெருமாளைச் சேவித்த பின், ஆற்றின் அழகைக் காட்டக் குடகனாற்றுப் பாலத்துக்கு அழைத்துச் சென்றேன். நெடுநாளாக நான் அப்பக்கம் போனதில்லை.

கீழே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வெள்ளை நுரையாய் மிதந்தது. அழுகிய மாமிச வாடை தாங்காமல் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன். சளியால் மூக்கடைத்திருந்த சம்பந்தியோ, காவிரியில் முதல் வெள்ளம் வரும்போது மிதக்கும் நுரையென்று எண்ணி, "அடடே, புதுத்தண்ணி!" என்று கும்பிட்டபடி இறங்கி, இரு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

"தொடாதீங்க சம்பந்தி! அம்புட்டும் தோல்ஷாப்புத் தண்ணி!"

"இதை மேலயே சொன்னா என்ன, வாயில துணியா வச்சிருந்தீங்க?" என்றார், தலையில் நுரை வழிய.

திருமணம் நடந்தது. ஆனால் அதைத் தீர்த்தமென்று சொல்லி நானே தெளிக்க வைத்ததாக அவர் வீட்டார் இன்றும் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.