விருந்தாளியாக ஆடிய ஞாயிறுகள்

தஞ்சாவூருக்கு மேற்கே, வண்டல் முடிந்து செம்மண் தொடங்கும் மேட்டில் ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறது. நெல் விளையாத தரிசில்தான் அதைத் தொடங்கினார்கள். விளைகிற நிலத்தை விளையாட்டுக்கு விட எந்த மிராசுதாருக்கு மனசு வரும்? ஊட்டியிலிருந்து புல் கொண்டுவந்து, பந்து விழும் குழிகளைச் சுற்றி வரப்பு கட்டி, நாற்றங்காலுக்கு வைப்பதுபோலத் தண்ணீர் தேக்கினார்களாம். புல் அழுகிவிட்டது. அன்றிலிருந்து அங்கே குழியைச் சுற்றி மணல்தான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மைதானம் காலி; உறுப்பினர்கள் எல்லாரும் வயலுக்குப் போய்விடுவார்கள். அந்த கிளப்பின் சரித்திரம் என்று சிரித்துக்கொண்டே சொல்ல இவ்வளவுதான் உண்டு.

நான் எலும்பு டாக்டர். மலேசியாவில் வேலை பார்த்தபோது இந்த ஆட்டம் என்னைத் தொற்றிக்கொண்டது. ஊர் திரும்பியதும் அந்த கிளப்பில் உறுப்பினராக ஆசைப்பட்டேன். ஆட்டத்துக்காக மட்டும் இல்லை. என் அப்பா அந்த உறுப்பினர் குடும்பங்களில் ஒன்றின் வயலில் கூலிக்கு உழுது, கூலிக்கு அறுத்தவர். அவர் மகன் பெயர் அங்கே உறுப்பினர் பலகையில் ஏறவேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

திருவையாற்றுப் பக்கம் நிலம் வைத்திருந்த நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் என்னைத் தன் விருந்தாளியாக அழைத்துப் போனார். உறுப்பினர் துணையில்லாமல் விருந்தாளி உள்ளே போக முடியாது. போனால் குறை ஒன்றும் வைக்க மாட்டார்கள். "வாங்க டாக்டர்" என்பார்கள். ஆட்டம் முடிந்ததும் முழங்காலை நீட்டி மருந்து கேட்பார்கள். கோப்பைக்கான போட்டி வந்தால் மட்டும் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கைதட்டவேண்டும். சமயத்தில் பற்றிக்கொண்டு வரும்.

"என் பேரைக் கமிட்டில சொன்னீங்களா?" என்று நண்பரைக் கேட்பேன்.

"அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம், விடுங்க" என்பார். இப்படியே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

போன அறுவடைச் சமயத்தில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு, பழக்கதோஷத்தில் கிளப்புக்குப் போனேன்.

"யாரோட வந்திருக்கீங்க சார்?" என்றார் வாசல் காவலாளி. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மகனும் இப்போது கமிட்டியில் இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். என் பெயர் கமிட்டியில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டேன்.

"அப்பா உங்க பேரை ஒரு தடவகூட அங்க சொல்லல, அங்கிள். சொன்னா வேண்டாம்னுடுவாங்கன்னு அவருக்குத் தெரியும். அப்படிக் கமிட்டி வேண்டாம்னு தள்ளினவங்கள அப்புறம் விருந்தாளியாவும் உள்ள விடமாட்டாங்க, அதான் ரூல். உங்களோட ஆடறது நின்னுபோயிடுமேன்னு பயந்தார்."

என்னை இழக்க மனமில்லாமல்தான் மறைத்திருக்கிறார். அது புரிகிறது, அதனாலேயே அவரைத் திட்டவும் முடியவில்லை. ஆனாலும் மனசு ஆறமாட்டேன் என்கிறது. எனக்காக ஒரே ஒரு முறை அவர் அந்தக் கமிட்டி மேசையில் கேட்டுத் தோற்றிருக்கலாம். தோற்றிருந்தால், என்னோடு வெளியே வந்திருப்பாரா, அல்லது நான் இல்லாமல் அங்கேயே ஆடிக்கொண்டிருந்திருப்பாரா? இத்தனை வருஷம் பழகியும் எனக்குத் தெரியவில்லை.