கோர் புக் இல்லாமல் வந்த பெட்டிகள்

1. குத்தூசி வியாபாரம்

பெட்டிகளைத் திறந்த அன்று முதலாளி என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்கில் அவரிடம் திட்டு வாங்கிப் பழகிய எனக்கு திட்டை விட அதுதான் பயமாக இருந்தது.

எண்பதுகளின் முதல் பாதி அது. கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் சிதம்பரம் செட்டியாருக்கு மிளகுக் கிடங்கு இருந்தது. அதன் முகப்பில் ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்துப் புத்தகக் கடை போட்டிருந்தார். பாடப் புத்தகம், வாரப் பத்திரிகை, கப்பல்காரர்கள் படித்துவிட்டுத் தள்ளிவிடும் ஆங்கில நாவல், இவ்வளவுதான் சரக்கு. அந்த மூலைக்கு நான்தான் எல்லாம். அதற்கு முன்பு கிடங்கில் மிளகு மூட்டைக்கு அடையாளச் சீட்டு கட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஆரம்பிக்கும் தும்மல் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகுதான் நிற்கும். புத்தக மூலைக்கு மாற்றியபோது, இனி என்னை இங்கிருந்து யாரும் கிளப்ப முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் ஆள் வந்து எடுக்காத சரக்கை ஏலம் விடுவார்கள். முதலாளி மிளகு வாங்குகிற மாதிரியே அங்கே புத்தகமும் வாங்கினார். மூட்டையில் குத்தூசியைச் செருகி, அதில் வருகிற கைப்பிடி மிளகைப் பார்த்தே மொத்த மூட்டைக்கும் தரம் சொல்லிவிடுவார். ஒரு நாளும் தப்பியதில்லை. புத்தகப் பெட்டிக்குள்ளும் கையை ஆழமாக விட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினார். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், மேலே நெருப்பு கக்கும் ராட்சசப் பல்லி. முதல் தரம் என்று முடிவுகட்டி, பெட்டி அத்தனையும் எடுத்துவிட்டார்.

பெட்டி உடைக்கும்போது வெங்கிடி அங்கே இருந்தார். எங்கள் வாடிக்கையாளர். பாலக்காட்டுப் பட்டர், அதாவது தமிழ்ப் பிராமணக் குடும்பம், கப்பலில் ரேடியோ ஆபீசர், லீவுக்கு வந்திருந்தார். முதல் புத்தகத்தைப் பார்த்ததும் குதித்தார். கப்பலில் ஆடிய விளையாட்டாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம், வீரன், திருடன், மந்திரவாதி என்று. 'நான் கதவை உடைக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், கதவு உடைந்ததா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிக்கொண்டே போனவர் கடைசிப் பெட்டி வந்ததும் வாடிப்போனார்.

"இதிலே பூதம் இருக்கு, மந்திரம் இருக்கு, ஆயுதம் இருக்கு. எப்படி ஆடறதுன்னு சொல்ற புஸ்தகம் மாத்ரம் இல்லை, கோமதி. எல்லாம் சப்ளிமென்ட், துணைப் புஸ்தகமாக்கும். கோர் ரூல்புக், மூல விதிப் புஸ்தகம், ஒண்ணு கூட இல்லை."

"அது இல்லாம இத ஆட முடியாதா?" என்றார் முதலாளி.

"கூட்டானும் பப்படமும் விளம்பியாச்சு, சாதம் வடிக்கலை. எப்படியாக்கும் ஊணு கழிக்கறது, செட்டியாரே?"

குழம்பும் அப்பளமும் பரிமாறிவிட்டுச் சோறு இல்லை என்ற கதை. அப்போதுதான் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓணம் வரைக்கும் பாக்கறேன், கோமதி. இது நகரலேன்னா பலகையப் பிரிச்சு மூட்டை அடுக்கியாகணும். உனக்குப் பழைய வேல இருக்கு, பயப்படாத."

பயப்படாதே என்று அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2. சாதம் வடித்த கதை

வெங்கிடி கப்பலில் ஆடியிருக்கிறாரே தவிர, விதிகளைப் படித்தவர் இல்லை. கோர் புக் கதை நடத்துபவர் கையிலேயே இருக்குமாம். "அவன் உருட்டச் சொன்னா உருட்டுவோம், செத்துப்போச்சும்பான், சாவோம்" என்றார். இவரை நம்பி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நானே படிக்க உட்கார்ந்தேன்.

நான் பள்ளியில் மலையாள மீடியம். வீட்டில் பேசுவது தமிழ், ஆங்கிலம் நாவல் விற்றுக் கற்றது. ஆனாலும் ஒன்று பிடிபட்டது. சப்ளிமென்ட் எழுதுகிறவன் படிப்பவன் கையில் கோர் புக் இருக்கிறது என்ற தைரியத்தில் எழுதுகிறான். ஆகவே அவன் வாயை அவனே அடக்க முடியாமல் அந்த விதிகளை அங்கங்கே உளறிவிடுகிறான். பூதப் புத்தகத்தில் ஒவ்வொரு பூதத்துக்கும் பக்கத்தில் இரண்டு எண். பெரிய பூதம் என்றால் எண்ணும் மாறுகிறது. மந்திரப் புத்தகத்தில் ஓர் உதாரணச் சண்டை. வரைபடப் புத்தகத்தில் ஒரு காவல்காரன் எத்தனை அடியில் விழுந்தான் என்ற கணக்கு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் எண் அந்தப் பூதத்தின் மேல் அடி படப் பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்பது. இரண்டாவது, எத்தனை அடி தாங்கும் என்பது. இது புரிந்ததும் நான் போட்ட கூச்சலில் கிடங்கில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

பகடைக்கும் வழி கண்டேன். இருபது முகப் பகடை வேண்டுமாம். பஜாரில் அப்படி ஒன்றை யார் கண்டார்? கிளப்புகளில் எண் கூப்பிட்டு ஹவுஸி ஆடுவார்களே, அந்த எண் கட்டைகளில் இருபது வரை எடுத்து, மிளகு சாம்பிள் பையில் போட்டுக் குலுக்கினேன். கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டியதுதான்.

நான்கு தாளில் விதிகள் அடங்கிவிட்டன. முதல் விதி, நீ என்ன செய்கிறாய் என்று சொல். இரண்டாவது, அது சுலபமா கஷ்டமா, எத்தனைக்குக் குறையாமல் வர வேண்டும் என்று கதை நடத்துபவர் சொல்வார். மூன்றாவது, கட்டையை எடு. மற்றதெல்லாம் இந்த மூன்றின் குட்டிகள். சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்து, எந்த சப்ளிமென்ட் வாங்கினாலும் இது சேர்த்துத் தரப்படும் என்று பலகை எழுதிப் போட்டேன். சனிக்கிழமை மதியம் கடையிலேயே ஆட்டம். கதை நடத்துவது நான். வெங்கிடி தனக்குத் தெரிந்த கல்லூரிப் பையன்களையும் பக்கத்து பேங்கிலிருந்து கம்மத் சாரையும் கூட்டி வந்தார். புத்தகங்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன.

3. கம்மத் சாரின் மந்திரம்

நகர்ந்ததுதான் வினையாகப் போனது. ஆளுக்கொரு சப்ளிமென்ட் வாங்கினார்கள். வாங்கியவன் சும்மா இருப்பானா? ஒருவனுடைய புத்தகத்தில் வில் இரண்டு முறை எய்யலாம். இன்னொருவனுடையதில் கவசம் போட்டவனுக்கு அடியே படாது. கம்மத் சார் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். அவருடைய மந்திரப் புத்தகத்தில் ஒரு தூக்க மந்திரம் இருந்தது. பூதம் வாசலில் தலை காட்டும், "உறங்கு" என்பார், அது விழுந்துவிடும். மற்றவர்கள் சாயா குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"சார், இப்பிடி ஆனா எங்களுக்கு இங்க என்ன வேல?" என்று பையன்கள் கேட்டார்கள்.

"புக்கில உண்டல்லோ! அச்சடிச்ச விஷயமாக்கும். காசு கொடுத்து வாங்கினது" என்றார் கம்மத் சார்.

அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் வரவில்லை. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி பலகைத் தடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார், எந்த ஆணியை முதலில் பிடுங்கலாம் என்கிற மாதிரி. எனக்கு மூக்கு அப்போதே அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த வாரம் ஐந்தாவது தாள் ஒன்று சேர்த்தேன். அதில் ஒரே ஒரு விதி. 'இந்த நான்கு தாள் எல்லோருக்கும் பொது. சப்ளிமென்டில் உள்ளது எதுவானாலும் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் சம்மதித்தால்தான் செல்லும்.' விற்ற சரக்கையே செல்லாது என்று சொல்லும் கடைக்காரி உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

கம்மத் சார் தாளைப் படித்தார். முகம் சிவந்தது. கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேங்க்காரர் அல்லவா, விதி என்றால் ஒரு மரியாதை.

"செரி, சபையில வைக்கறேன். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவ மட்டும் உறக்க மந்திரம். அதுவும் கட்டை எடுத்திட்டு. மதியா, போதுமா?"

எல்லாக் கையும் உயர்ந்தது. அன்று அவர் எடுத்த கட்டையில் ஒன்று வந்தது. பூதத்துக்குப் பதில் அவரே உறங்கிப்போனார் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கம்மத் சார்தான் அதிகம் சிரித்தார்.

4. வாசலில் லாரி

ஓணத்துக்கு முந்திய சனிக்கிழமை மிளகு லாரி வாசலில் வந்து நின்றது. மூட்டை சுமக்கும் சுமட்டுக்காரர்கள் இறங்கினார்கள். முதலாளி சுத்தியலோடு உள்ளே வந்தார்.

"கோமதி, மேசைய ஒதுக்கு. மூட்டை இறக்கணும்."

"அஞ்சு மினிட்டு, செட்டியாரே" என்றார் கம்மத் சார், தலை நிமிராமல். "பாலத்துல நிக்கறோம். பூதம் வழி விட மாட்டேங்குது."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். நாற்காலி போதாமல் காலி மிளகுப் பெட்டிகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியில் பாதிக்கு மேல் காலி. "எதுக்கு அடிச்சுக்கறீங்க? அதுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?" என்றார்.

ஆளாளுக்குத் தங்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். பூதத்தைக் கொல்ல ஒவ்வொரு சப்ளிமென்டிலும் பக்கம் பக்கமாக வழி இருந்தது. பேரம் பேச ஒரு வரி கிடையாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது பயம் போய்விட்டது. "முதல் விதி, நீங்க என்ன செய்றீங்கன்னு சொல்லணும். புக்கில இருக்கணும்னு எங்கயும் எழுதல. உக்காருங்க முதலாளி, நீங்க ஒரு வியாபாரி" என்றேன்.

சுத்தியலை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் ஆசை. பாலத்துக்குக் காவல் நிற்பதில் பூதத்துக்கு என்ன லாபம் என்று விசாரித்தார். மழையில் நனைகிறாயே, ஒரு கூரை போட்டுத் தந்தால் என்ன என்று கேட்டார். பூதத்தின் சார்பில் நான் முறுக்கிக்கொண்டேன். எழுந்து போவதுபோல் பாவனை காட்டினார். நானே கூப்பிட வேண்டியதாயிற்று. "ரொம்பக் கஷ்டம் முதலாளி, பத்தொன்பதுக்குக் குறையக் கூடாது" என்றேன். அவர் சாம்பிள் பையில் கையை ஆழமாக விட்டார், மூட்டையில் விடுகிற அதே கை. வந்தது இருபது.

கடை அதிர்ந்தது. சுமட்டுக்காரர்கள் வாசலில் நின்று கை தட்டினார்கள். முதலாளி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "மூட்டைய பின்னாடி ஷெட்டுல இறக்கு" என்று குரல் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

5. நிஜமானது வந்தது

ஒரு கப்பல் பயணம் முடிந்து வெங்கிடி திரும்பி வந்தார். கையில் காகிதம் சுற்றிய கனமான புத்தகம். "கோமதி, அசல் வந்தாச்சு. கோர் ரூல்புக்!"

இத்தனை நாள் இத்தனை பேர் என் தாளை நம்பி ஆடியிருக்கிறார்கள். எல்லாம் தப்பு என்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு அந்த மேஜையில் உட்காருவேன்? கம்மத் சார் புத்தகத்தையும் என் தாளையும் அருகருகே வைத்து, பேங்க் கணக்குச் சரிபார்ப்பதுபோல விரலை ஓட்டினார். அடிபடும் விதி ஒத்துப்போனது. அடி தாங்கும் விதியும் ஒத்துப்போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒளிக்கவில்லை, அழுதேன். மற்றது பலதும் வேறு மாதிரி இருந்தது.

"பேரத்துக்கு இதுல விதியே இல்லயே" என்றார் கம்மத் சார். "அப்போ செட்டியாருடைய வியாபாரி பட்டினியா? கோமதி, இதயும் சபையில வைங்கோ."

வைத்தோம். ஒவ்வோர் அத்தியாயமாகக் கை தூக்கிச் சிலதைச் சேர்த்துக்கொண்டார்கள், சிலதை வேண்டாம் என்றார்கள். கடைசியில் முதலாளி, "சரி, இது எந்த அலமாரிக்கு?" என்றார். நான் எழுந்து, அந்தக் கனமான புத்தகத்தைப் பூதத்துக்கும் வரைபடத்துக்கும் நடுவில் செருகினேன்.

கடையில் இப்போது சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எது இல்லாமல் ஆட்டத்தை ஆரம்பிக்கவே முடியாதோ அதுதான் கோர். அட்டையின் கனத்தையோ அச்சடித்தவன் பெயரையோ பார்த்து அதை முடிவு பண்ணாதீர்கள்.

அசல் வந்த அடுத்த வாரமே இதற்குச் சோதனை வந்தது. கப்பலிலிருந்து இறங்கிய ஒருவர் பூதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, இதற்கான கோர் புக் வேண்டும் என்றார். தாள்களை நீட்டினேன். அவர் அலமாரியைக் காட்டினார்.

"கோர் புக் அங்க இருக்கே?"

"அது சப்ளிமென்ட் சார்" என்றேன். "முதல்ல இத ஆடிப் பாருங்க. போதலேன்னா வந்து வாங்கிக்கலாம்."