விடுதி வாசலில் மந்திரி

கடல்கடந்து வந்து சேர்ந்த ஹோம்புஷ் ஊரின் சாப்பாட்டுக் கடையில் என்னோடு வெங்காயம் வெட்டும் சீனர் ஒரு பழங்கதை சொன்னார். அவர்கள் நாட்டில் முன்பு ஒரு மந்திரி சட்டங்களையெல்லாம் மாற்றி எழுதினாராம். அடையாளப் பத்திரம் இல்லாதவருக்கு விடுதியில் இடமில்லை என்பது அதிலொன்று. அரசன் இறந்ததும் புது அரசனால் மந்திரியின் உயிருக்கே ஆபத்து. பத்திரமில்லாமல் தப்பியோடி ஒரு விடுதிக் கதவைத் தட்டினார். ஆளைத் தெரியாத விடுதிக்காரன், “மந்திரியின் சட்டம், இடம் தர முடியாது” என்று அனுப்பிவிட்டான்.

சீனர் சிரித்தார். எனக்கு மந்திரிமேல் பொறாமைதான் வந்தது.

நான் இந்த நாட்டில் அகதி விசா கேட்டுப் பதின்மூன்று வருடம். ஞாயிறுதோறும் யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி வீடியோ போனில் கேட்பாள், “முடிவு ஏதும் வந்ததேயப்பா?” நான் படகேறியபோது தவழ்ந்த மகள் அவளுக்குப் பின்னால் நின்று தலைவாருவாள்.

மந்திரிக்கு வாசலிலேயே பதில் கிடைத்தது. எனக்கு இல்லையென்று சொல்லக்கூட ஒருவரும் இன்னும் கதவைத் திறக்கவில்லை.