மருந்து அடித்த இலை

கடலூரில் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. டூட்டி டாக்டரம்மா. கட்டிலில் எங்கள் பையன், காலேஜ் முதல் வருஷம். கடைசியாக, சிதம்பரத்திலிருந்து பைக்கில் வந்த மச்சான், வீட்டுக்காரியின் தம்பி. காலேஜில் மருந்தியல் வாத்தியார்.

காலையில் பையன் வாந்தி எடுத்து, கைகால் வெட்டி விழுந்தான். அம்மாவிடம் "மருந்து" என்று மட்டும் சொன்னான். பிறகு வாய் திறக்கவில்லை.

முந்திரிக்கு மருந்து அடிப்பது என் வேலை. வீட்டில் டப்பா இருக்கும். எங்கள் பக்கம் மருந்து என்றால் பூச்சிமருந்துதான். டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

அவர் பையன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "பூச்சிமருந்துன்னா எச்சில் ஒழுகும், கண்ணு பாப்பா சுருங்கும். இவனுக்கு இல்லியே. நெஞ்சு வேற தாறுமாறா ஓடுது. தெரியாம பூச்சிமருந்து முறிவு ஊசியப் போட்டா இன்னும் ஓடும். என்ன சாப்ட்டான்னு கேளுங்க."

கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மச்சான் வந்தான். பையன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். காதில் ஏதோ சொன்னான். பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் கேட்கவில்லை. மச்சான் டாக்டரம்மாவிடம் திரும்பினான்.

"குடிக்கல மேடம், பொகைச்சிருக்கான். காஞ்ச இலைல கஞ்சா மாதிரி போதை ஏறுற கெமிக்கல் அடிச்சு விக்கிறானுங்களே, அது. பசங்க அதத்தான் மருந்துன்றானுங்க."

டாக்டரம்மா அந்த ஊசியை ஒதுக்கிவிட்டு, வலிப்புக்கு ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்றினார்.

"என் தம்பிகிட்டன்னா எப்டி சொல்றான் பாத்தீங்களா!" என்றாள் வீட்டுக்காரி. நான் மச்சானை மடக்கப் பார்த்தேன்.

"இங்க எடுத்த யூரின் டெஸ்டுல கஞ்சா இல்லன்னாங்களே மச்சான்?"

"அதுல இது மாட்டாது மாமா. கஞ்சா மூளைல கதவ பாதிதான் தொறக்கும். இது மொத்தமா தொறந்து உட்டுடும். நீங்க அடிக்கறப்ப ஒரு இலைல ஜாஸ்தி விழும், ஒண்ணுல கம்மியா விழும்ல? இவனுக்கு ஜாஸ்தி விழுந்தது மாட்டிக்கிச்சு."

"எனக்கே மருந்தடிக்க பாடம் எடுக்கறியா?"

மச்சான் சிரித்தான். அவன் சிரித்ததும் பையனும் லேசாகச் சிரித்தான்.

சாயங்காலம் நெஞ்சுத் துடிப்பு இறங்கியது. "இனி பயமில்ல" என்றார் டாக்டரம்மா. மச்சான் சிதம்பரம் கிளம்பினான். பையன் கண் திறந்து என்னைப் பார்த்தான். தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தேன்.

"மாமா எப்ப வருவாரு?"

அன்றைக்கு அவன் என்னிடம் பேசிய வார்த்தைகள்: மூன்று.