சுவருக்குள் நின்ற வேன்

ஊரே அவளைச் சன்னலக்கா என்றுதான் கூப்பிட்டது. பஸ் நிலையத்தில் இரண்டாம் நம்பர் டிக்கெட் சன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவள். ஒரு முகம், டிக்கெட்டை நீட்டும் ஒரு கை. அவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்த சன்னலக்கா. தப்பித் தவறிக் கடைத்தெருவில் முழு உயரத்தில் நடந்து வந்தால், "அட, அக்காவுக்குக் காலெல்லாம் இருக்கா!" என்று கேலி செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. தூசி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு பொட்டுத் தூசி சிக்கினாலும் லென்ஸில் கீறல் விழும் என்பது தொழில் கற்றுக்கொடுத்த பயம். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனுஷர் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். ரிமோட்டுக்கு உறை, நாற்காலிக்கு உறை, உறை அழுக்காகக் கூடாதென்று அதற்கும் ஓர் உறை. அக்கம்பக்கத்தில் அவருக்கு உறைக்காரர் என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

இந்த இரண்டு பேரும் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கினார்கள். மேலே பால் வெள்ளை, கீழே இளம் பச்சை. உள்ளே மடக்கி விரிக்கிற படுக்கை, ஒற்றை அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி, கொக்கியில் தொங்கும் நான்கு கோப்பைகள். ஒரு குட்டி வீட்டையே சக்கரத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். "மொத மொதல்ல ஏரிக்குத்தான் போறோம்," என்றார் உறைக்காரர். காலை ஆறு பத்து பஸ்ஸின் கடைசி நிறுத்தம் அந்த ஏரி. நாற்பது கிலோமீட்டர். தினமும் அதற்கு டிக்கெட் கொடுப்பவள் அவள்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினார்கள். ஒன்பதாவது கிலோமீட்டரில் எதிரே வந்த லாரிச் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்தது. பச்சைப் பெயிண்டில் கடுகளவு வெள்ளை விழுந்தது. உறைக்காரருக்கோ கல் நெஞ்சிலேயே பட்டுவிட்டது. "இதைச் சரிபண்ணிட்டுப் போலாம்," என்று வண்டியைத் திருப்பினார்.

சரிபண்ண இரண்டு மாதம். பிறகு மழை. பிறகு வெயிலில் பெயிண்ட் வெளுக்குமாம். அதற்குள் பழைய வண்டி சேகரிப்பவர்கள் மோப்பம் பிடித்து வந்து, "ஒரு திருகாணிகூட மாத்தலியே! இப்படி ஒண்ணு எங்கயும் கிடையாதுங்க," என்று வாயைப் பிளந்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த வேன் வீட்டு முன் கொட்டகையை விட்டுச் சாலையைப் பார்க்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆனாலும் சன்னலக்காவுக்கு ஆசை விடவில்லை. இந்த வண்டியில், இந்த மனுஷரோடு, ஒரே ஒரு தடவை ஏரிக்குப் போக வேண்டும். வேறு எதையும் அவள் அவரிடம் கேட்டதில்லை.

அவளுக்கு வாய்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள். வாரத்துக்குப் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட வேண்டும் என்பது உறைக்காரரின் சட்டம். செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்துக்கொண்டு இருவரும் ஏறுவார்கள். எஞ்சின் முனகத் தொடங்கும். கோப்பைகள் ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொள்ளும். சாப்பிட்ட மயக்கத்தில் கண் செருகும்.

"இப்ப எங்க வந்திருக்கோம்?" என்பார் அவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "பாலம் தாண்டியாச்சு. ரெண்டு பக்கமும் சோளம். மெதுவா போங்க, வாத்துக் கூட்டம் குறுக்க போகுது."

அவர் நிஜமாகவே பிரேக்கில் காலை வைப்பார். சோளத் தோகை கண்ணாடியை உரசிக்கொண்டு போகும். கொட்டகையின் தகரக் கூரை எங்கேயோ விலகி, வானம் இறங்கி வரும். ஒரு மேடு ஏறி இறங்கினால் ஏரி. நடுவில் தீவு, தீவில் ஒற்றை மரம், கரையில் நீலப் படகு. தண்ணீர் வாசனை அடிக்கும். அடித்தது பெட்ரோல்தான், இருந்தாலும் இருவரும் அதைத் தண்ணீர் என்றே மூச்சில் இழுத்துக்கொள்வார்கள். பத்து நிமிஷம் ஆனதும் அவர் சாவியைத் திருப்புவார். ஏரி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு மெல்ல மெல்ல வற்றி, கொட்டகையின் தரை தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டெதிரே சாலையை அகலப்படுத்தினார்கள். ஒரே புழுதி. உறைக்காரர் மூன்று நாள் லீவு போட்டு, தன் கையாலேயே கொட்டகையின் முன்பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்தார். ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு. எஞ்சின் புகை வெளியே போக ஒரு குழாய். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்த சன்னலக்கா சுவரைச் சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாம் சரிதாங்க. வேன் எப்படி வெளிய வரும்?"

அவர் கொத்தனார் கரண்டியும் கையுமாகச் சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். புகைக்கு வழி விட்ட மனுஷருக்கு வண்டிக்கு வழி விடத் தோன்றவேயில்லை.

"வரணும்னா... இடிச்சிக்கலாம்," என்றார்.

அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் சமையலறையில் தனியாக நின்றபோதும் நீர் வந்தது. அப்போது அவள் சிரிக்கவில்லை.

அவள் ஓய்வு பெற்ற நாளில் நிலையத்தில் எல்லாரும் கூடி அனுப்பி வைத்தார்கள். உறைக்காரரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேலாளர் பேசினார்: "நாங்க ஸ்டாஃப் பாஸுக்கு அடிச்சுக்கிறோம். அக்கா முப்பத்தோரு வருஷத்துல ஒரு பாஸ்கூட எடுக்கல. நம்ம பஸ் எதுலயும் ஏறினதே இல்ல!" எல்லாரும் கைதட்டினார்கள். உறைக்காரர் தட்டவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் அவர் நின்றார்.

"நீ ஏரிக்குப் போனதே இல்லியா?"

"போனேன்னு யாரு சொன்னா?"

"தீவு, மரம், படகுன்னு சொல்வியே. பாஸ் இருக்கே, உன் தங்கச்சியோட எப்பவோ போய்ட்டு வந்திருப்பேன்னுல்ல நெனச்சேன்."

"டிக்கெட் வாங்க வர்றவங்க ஒண்ணு ரெண்டு சொல்வாங்க. மீதியை நானே போட்டுக்கிட்டேன்."

"பஸ்ல ஒரு எட்டு போய்ட்டு வந்திருக்கலாமே?"

"நம்ம வண்டியில போலாம்னு சொன்னீங்களே," என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரைச் சத்தம் கேட்டு எழுந்து போனாள். சுவரில் பாதி விழுந்திருந்தது. செங்கல் தூள் வேன் முழுக்கப் படிந்திருந்தது. "மேல உறையாவது போட்டிருக்கலாம்ல?" என்றாள் பதறிப்போய். "அதுக்கெல்லாம் நேரமில்ல," என்றார் அவர், இருமிக்கொண்டே.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். பாலம் வந்தது. சோளம் வரவில்லை; செங்கல் சூளையும் லாரிக் கொட்டகைகளும்தான் வந்தன. பனியில் எல்லாம் மிதந்தபடி பின்னால் போயின. சன்னலக்கா ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் டயர் வெடித்தது.

மாற்று டயரை எடுத்துப் பார்த்தால் அதிலும் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வாராவாரம் கறுப்பு மை பூசிப் புதுசு போலவே வைத்திருந்தார். ரப்பர் ஓடினால் தேயும், நின்றால் வெடிக்கும். யாருக்காகவும் அது இளமையாக இருக்காது. உறைக்காரர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஓட்டவே இல்லியே," என்றார். "பொத்திப் பொத்தி வச்சேனே."

பின்னால் ஒலிப்பான் கேட்டது. ஆறு பத்து பஸ். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "அக்கா! ஏரிக்கா? ஏறுங்க, ஏறுங்க!"

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"நீ போய்ட்டு வாம்மா," என்றார் அவர். "நான் வண்டியைப் பாத்துக்கிறேன். நடுரோட்டுல தனியா போட்டுட்டு எப்படி வர்றது?"

"பதினெட்டு வருஷமா நீங்க அதைத்தான் பாத்துக்கிறீங்க," என்றாள் அவள். சொல்லிவிட்டு ஏறினாள்.

காலியாக இருந்த ஓர் இருக்கையில் சன்னலோரமாக உட்கார்ந்தாள். ஏரி இனி எப்படி இருந்தால் என்ன என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. பத்தடி போனதும் விசில் கேட்டது, குலுங்கி நின்றது. படிக்கட்டில் யாரோ தடதடவென்று ஏறி, மூச்சிரைக்க அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"பூட்டினீங்களா?" என்றாள், வெளியே பார்த்தபடியே.

"இல்ல. சாவி அதுலயே கிடக்கு."

நடத்துநர் வந்து நின்றார். "சாருக்கு எதுவரைக்கும்?"

உறைக்காரர் அவளைக் காட்டினார். "இவங்க எங்க எறங்குறாங்களோ, அதுவரைக்கும்."